தாய் நோயுற்ற வீட்டில் ஒரு கதைப் புத்தகம்

கண்டிப் பெரியாஸ்பத்திரி வாசலில், நோயாளரைப் பார்க்கும் நேரத்துக்காகக் காத்து நின்ற கூட்டத்தினூடே, ஒரு கையில் சுடுதண்ணீர்ப் போத்தலும் மறு கையில் தம்பியின் விரலுமாய், பள்ளிச் சீருடையோடு நின்றிருந்த ஒரு பெண் குழந்தையைக் கண்டேன். “அம்மாவுக்கு என்ன கண்ணு?” என்று பக்கத்திலிருந்த கிழவி கேட்டதற்கு, “காய்ச்சலாம் பாட்டி” என்றது அது. பிறர் சொல்லிக் கொடுத்ததைத் தான் நம்பவில்லை என்பது அக்குரலிலேயே பிரத்தியட்சமாய்த் தெரிந்தது. அந்தக் குழந்தையின் கையில் கொடுக்கத் தக்க கதை எது என்ற கேள்வியே இவ்வாராய்ச்சிக்குக் காரணம்.

பெற்றோரை இழந்த பிள்ளையை நம் நாட்டு இலக்கியம் நன்கு அறியும். கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்டதும், இலங்கையின் முதல் தமிழ் நாவலென்று போற்றப்படுவதுமாகிய ‘அசன்பேயுடைய கதை’, சிசுப் பருவத்திலேயே பெற்றோரிடமிருந்து களவாடப்பட்டவனின் சரித்திரம். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’ (1947) என்னும் சிங்கள நவீனத்தின் நாயகனான உபாலியும் இளமையிலேயே தாயை இழந்தவன். ஆனால் இழப்பு நேர்ந்த பின்னரே இத்தகைய கதைகளில் சாகசம் ஆரம்பமாகிறது. அதற்கு முன், கட்டிலருகே கழிந்த மாதங்களைப் பற்றிப் பேச்சில்லை. அநாதையை அறிந்த இலக்கியம், அநாதையாகிக்கொண்டிருக்கும் குழந்தையை அரிதாகவே எட்டிப் பார்த்திருக்கிறது.

அம்மாதங்களை எழுதியவர்களுள் பலர் அவற்றைத் தாமே அனுபவித்தவர்கள். ஒன்பது வயதில், 1908இல், புற்றுநோய்க்குத் தாயைப் பறிகொடுத்த சி. எஸ். லூயிஸ், ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து எழுதிய ‘மந்திரவாதியின் மருமகன்’ (1955) என்ற கதையில், சாகக் கிடக்கும் தாய்க்காக வேற்றுலகத்திலிருந்து ஓர் ஆப்பிள் கனியைக் கொண்டுவரும் சிறுவனைப் படைத்தார். தாய் பிழைக்கிறாள். வாழ்க்கை தர மறுத்ததைக் கற்பனையில் வாங்கிக்கொண்ட மகனின் ஏக்கம் அது. அதனைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் கனி கிடைக்காத குழந்தைக்கு அக்கதை பாதித் துணையே.

மற்றப் பாதியை லூசுன் தருகிறார். கண்டியை அடுத்த தலாத்துஓயாவைச் சேர்ந்த கே. கணேஷ் அவருடைய சிறுகதைகளைத் தமிழாக்கித் தந்தமையால், அச்சீன மேதை நமக்கு அந்நியரல்லர். தகப்பனார் நோயுற்றிருந்த நான்கு ஆண்டுகளுக்கு மேலாகத் தாம் அநேகமாகத் தினந்தோறும் அடகுக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடந்ததையும், மருந்துக்கடை மேசை தம் உயரமே இருந்ததையும், அடகுக்கடை மேசை தம்மைப்போல் இருமடங்கு உயர்ந்து நின்றதையும் தம் முதற்றொகுதியின் முன்னுரையில் அவர் நினைவு கூர்கிறார். மூன்றாண்டு உறைபனி கண்ட கரும்பு, இணை பிரியாத சில்வண்டுச் சோடி என்று வைத்தியர் கேட்டதையெல்லாம் தேடிக் கொடுத்தும், தகப்பனார் 1896இல் இறந்தார். மகனுக்கு வயது பதினைந்து. அது சிறுவர்க்கென எழுதப்பட்டதன்று. எனினும் அம்மாவின் தோட்டை அடகு வைக்கப் போகிறவரோடு கூடப்போன தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைக்கு அந்த மேசையின் உயரம் விளக்கவேண்டியதா?

இத்துறையில் நம் காலத்தின் சிகரமென நான் கருதுவது பாட்ரிக் நெஸ்ஸின் ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ (2011). அதன் கருவைக் கண்ட ஷிவான் டவுட், அதை எழுதி முடிக்குமுன்பே 2007இல் மார்புப் புற்றுநோயால் மறைந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து நெஸ் எழுதினார். கானர் என்னும் சிறுவனிடம் இரவு 12 மணி 7 நிமிடத்துக்கு வரும் பூதம், வீட்டுக்குப் பின்னே நிற்கும் யூ மரமேயாகும். தாய்க்குக் கொடுக்கப்படும் கடைசி மருந்தும் யூ மரத்திலிருந்து எடுத்ததே, அதுவும் பலிக்கவில்லை. மரம் அவளைக் காப்பாற்ற வரவில்லை. ‘இந்த வேதனை எப்படியாவது முடிந்துவிட்டாற் போதும்’ என்று தான் எண்ணியதையும், அவ்வெண்ணத்தாலேயே தன்னைப் பாவியெனக் கருதியதையும் கானர் வாய்விட்டுச் சொல்லும்படி செய்யவே வந்தது. நோயாளி வீட்டுப் பிள்ளைகள் நெஞ்சில் புதைத்து வைத்திருக்கும் இரகசியம் இதுவே. அதைப் பிறிதொரு குழந்தையும் எண்ணியதுண்டு என்று அறிவதைக் காட்டிலும் பெரிய ஆறுதல் வேறில்லை.

நம்மவரோ, “அம்மா ஊருக்குப் போயிருக்கா” என்று கூறி, குழந்தையைக் காப்பதாகக் கருதி, அதைத் தனிமையில் தள்ளிவிடுகிறோம். தாயின் தலைமயிர் உதிர்வதையும், கிளினிக் நாளன்று விடியுமுன் அவள் முதல் பஸ்ஸுக்குப் புறப்படுவதையும் பார்க்கும் பிள்ளைக்கு உண்மை பாதி தெரியும்; தெரியாத மறுபாதியைப் பயம் நிரப்புகிறது. உண்மையைக் குழந்தை தாங்கும் அளவில் எடுத்துச் சொல்வதற்கே கதை என்னும் சாதனம் இருக்கிறது.

வைத்தியராகிய தி. ஞானசேகரன் 2000ஆம் ஆண்டில் ‘ஞானம்’ சஞ்சிகையைத் தொடங்கிய ஊர் கண்டி. மருந்தும் எழுத்தும் ஒரே கையில் கூடிய இவ்வூரில், அந்த ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் பிள்ளைக்கென்று, அதன் பேச்சுத் தமிழில், தாய் பிழைக்காத ஒரு கதையை அன்போடும் தைரியத்தோடும் எழுத எழுத்தாளர்கள் முன்வரவேண்டும். அதுவரை, இதைப் படிக்கும் பெரியவர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: குழந்தை கேட்கும்போது காய்ச்சல் என்று சொல்லாதீர்கள்.