முட்டுக்காட்டுத் திண்ணையும் பெரும்பாக்கத்து ஏழாவது மாடியும்

மாமல்லபுரம் போகும் வழியில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்கு நாலைந்து தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பிடித்திருக்கிறது. கூடவே ஏதோ ஒன்று இடித்திருக்கிறது. என்னவென்று இந்தத் தடவைதான் பிடிபட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிடறேன். டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996-ல் திறந்த இடம் இது. வடிவமைப்பு லாரி பேக்கர்; அவர் வழியில் வந்த பென்னி குரியகோஸ் தொடர்ந்தார். பழைய வீடுகளைத் தூண், உத்தரம், ஓடு என்று பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டுக்குள் போனால், தறிக்குப் போக மிச்ச இடத்தில்தான் மனுஷன் படுக்கணும் என்று புரிகிறது. எந்தப் புத்தகமும் இதை இவ்வளவு சீக்கிரம் சொல்லித்தராது.

இடிப்பது திண்ணை. நெல்லைப் பக்கத்து ஆம்பூரிலிருந்து வந்த அக்கிரகார வீட்டின் திண்ணையில் இங்கே யாரும் உட்காரலாம், நானும் உட்கார்ந்தேன். ஆனால் அக்கிரகாரத் திண்ணை வழிப்போக்கருக்கு நிழல் மட்டும் தரவில்லை. யார் உள்ளே வரலாம், யார் திண்ணையோடு சரி, யார் தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்று சலித்ததும் அதுதான். இங்கே அக்கிரகார வீட்டுக்கும் குயவர் வீட்டுக்கும் சில நிமிஷ நடை. ஊரில் அந்தத் தூரம் அடிக்கணக்கில் அடங்காது. வீடு வந்துவிட்டது, தெரு வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்து ஒற்றுமை" என்று பெருமூச்சு விட்டுத் திரும்புகிறோம்.

சரி, திண்ணையின் நல்ல பாதி யாருக்கு வேணும்? கூவக்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்களைக் கேளுங்கள். குடிசை மாற்று வாரியம் (2021-லிருந்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) கட்டிய அடுக்குகள் அங்கே தரைத்தளமும் ஏழு மாடியும். கான்கிரீட் கூரை, தனிக் கழிப்பறை: சின்ன விஷயமில்லை. ஆனால் கரையோரத்தில் வாசல்தான் அடுப்படி, இட்லிக் கடை, பிள்ளைகள் விளையாடும் இடம். ஏழாவது மாடி வாசலில் இட்லி விற்க முடியாது. கீழே விளையாடும் பிள்ளையைக் கூப்பிட்டால் காதில் விழாது.

எங்கள் மென்பொருள் துறையில் 'டிசைன் பேட்டர்ன்' என்பது அன்றாடப் பேச்சு. அந்த யோசனையே கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டரிடம் கடன் வாங்கியது. அவரும் சகாக்களும் 1977-ல் வெளியிட்ட 'எ பேட்டர்ன் லாங்வேஜ்' நூலில் 21-ஆவது பேட்டர்ன், குடியிருப்பு நான்கு தளத்துக்கு மேல் போகவேண்டாம் என்பது. மேலே போகப் போக ஆளுக்கும் தெருவுக்கும் தொடர்பு அறுந்துபோகிறது என்பது அவர் வாதம். நாங்கள் வார்த்தையை எடுத்துக்கொண்டோம், இதை விட்டுவிட்டோம்.

நில விலையைக் காட்டி இதைத் தள்ளிவிடலாம். ஆனால் 1970-களில் இதே வாரியம் நொச்சிக்குப்பம் மாதிரி இடங்களில், மக்கள் இருந்த இடத்திலேயே, தாழ்வான அடுக்குகளாகக் கட்டியிருக்கிறது. அந்தக் கட்டடங்களின் தரத்தில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் அங்கே ஒரு அம்மா வாசலில் நின்று கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்கும்.

அடுத்த குடியிருப்புக்கு வரைபடம் போடுகிறவர்கள் முட்டுக்காட்டுத் தூண்களைக் காப்பியடிக்க வேண்டாம். அந்தக் குரல் எட்டுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.