வெற்றிக் கதையும் வெறுங்காலும்

இளைஞர் விளையாட்டு விழாவுக்கும் இலக்கிய ஏட்டுக்கும் என்ன தொடர்பு என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். விழாவைப் பற்றி நம் ஏடுகள் எழுதும் கதைக்கும் இலக்கியத்துக்கும் தொடர்பு உண்டு. அந்தக் கதையையே இங்கு விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

2007ஆம் ஆண்டு குவாத்தமாலா நகரில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு, 14 முதல் 18 வயது வரையிலான இளைஞருக்கெனத் தனியொரு ஒலிம்பிக் விழா நடத்தத் தீர்மானித்தது. முதல் விழா 2010 ஆகஸ்டில் சிங்கப்பூரில் நடந்தது. அதன் நோக்கத்தில் நல்லன பல உண்டு. வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள் ஒரே அணியில் ஆடலாம். 2014இல் நான்ஜிங்கில் இலங்கையின் சச்சின் டயஸ் சீனத்து ஹெ பிங்ஜியாவோடு இணைந்து பூப்பந்து ஆடினார். 2018இல் புவனஸ் அயர்ஸில் ஆண்களும் பெண்களும் சம எண்ணிக்கையில் பங்குபற்றினர். அங்கே 2000 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் நம் நாட்டுப் பாரமி வசந்தி மரிஸ்டெல்லா வெண்கலம் வென்றார். நாம் மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதே.

ஆயின், இத்தகைய வெற்றி எதுவாயினும் அதனை எழுதுவதற்கு நம் விளையாட்டுப் பக்கங்களில் ஓர் அச்சு உண்டு. குடிசை, வெறுங்கால், பசி, விடாமுயற்சி, பதக்கம் என்ற வரிசையில் கதை நகரும். வறுமையே வெற்றிக்கு உரமிட்டது போன்ற மயக்கத்தை ஏற்படுத்தி அது முடியும். கண்ணீர் துளிர்க்க வைக்கும் அந்த நடையில் பெரும் பொய்யொன்று மறைந்திருக்கிறது.

அப்பொய்யை நானே என் வகுப்பில் கற்பித்தேன். சென்ற ஆண்டு அவ்வகைக் கட்டுரையொன்றை வாசித்து விளங்குதற் பயிற்சிக்காகக் கொடுத்தேன். பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி அவ்வகுப்பில் இருந்தாள். தேயிலை மலையின் கான்களைத் தாண்டித் தாண்டியே பாதைக்கு இறங்கி வருபவள். இல்ல விளையாட்டுப் போட்டியில் சப்பாத்தின்றி ஓடி முதலாவதாக வந்தவள். வலயப் போட்டிக்குப் பயிற்சி பெறப் பாடசாலை விட்டபின் நிற்கச் சொன்னபோது, "அம்மா கொழுந்து நிறுத்துட்டு வர நேரமாகும். பிள்ளைக்காம்பராவுல இருந்து தம்பிய யாரு சேர் கூட்டிக்கிட்டு வாறது?" என்றாள். அவள் போட்டிக்குப் போகவில்லை.

கட்டுரையின் கருத்து யாது என்ற வினாவுக்கு அவள் எழுதிய விடை: "முயலாதவர் தோற்பர்." நான் சரியென அடையாளமிட்டு முழுப்புள்ளியும் வழங்கினேன். அன்றிரவு அந்தக் கொப்பியை மீண்டும் புரட்டியபோதுதான் அதன் கொடுமை உறைத்தது. கட்டுரை சொன்னதை அவள் சரியாகவே விளங்கிக்கொண்டாள். தன்னையே குற்றவாளியாக்கும் தீர்ப்பைத் தன் கையாலேயே எழுதினாள்.

சிங்கப்பூர் விழாவுக்கு முதலில் மதிப்பிட்ட செலவு 10.4 கோடி சிங்கப்பூர் டொலர். பின்னர் அது 38.7 கோடியாயிற்று. நம் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவை எட்டுவதற்கு, நெடிய போராட்டத்தின் பின், 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் நம் பாடசாலைகள் பலவற்றில் 400 மீற்றர் ஓடுபாதைக்குரிய சமதரையே இல்லை. உலக விழாவின் வாயில் எல்லோருக்கும் திறந்திருக்கிறதென்பர். அவ்வாயிலுக்குச் செல்லும் பாதை எங்கே தொடங்குகிறது? மாலை நான்கு மணிக்கு ஒரு சிறுமிக்கு ஓய்வு கிடைக்கிறதா என்பதில் தொடங்குகிறது.

வென்றவரின் வறுமையை எழுதுதல் தவறன்று. தெளிவத்தை ஜோசப் முதலிய நம் மலையக எழுத்தாளர்களும் லயத்து வறுமையை எழுதினார்கள். ஆனால் அதனை வீரத்தின் பயிற்சிக்கூடமாக அலங்கரிக்கவில்லை. அது யாரால், எதனால் விளைந்தது என்று வாசகனைச் சிந்திக்க வைத்தார்கள். சிறுகதை அரை நூற்றாண்டுக்கு முன்னரே கற்ற பாடத்தைச் செய்திக் கட்டுரை இன்னும் கற்கவில்லை. பசித்த வயிறு ஓட்டத்துக்கு உதவாது என்பது எந்த ஓட்டப் பயிற்சியாளருக்கும் தெரியும்; எழுதுவோருக்கு மட்டும் அது மறந்துவிடுகிறது. வறுமையிலும் வென்றவர் ஒருவரென்றால், வறுமையால் நின்றுபோனவர் எத்தனை பேர் என்ற கேள்வியையும் அதே கட்டுரை கேட்க வேண்டும்.

2022இல் செனகல் நாட்டு டாக்கரில் நடக்கவிருந்த விழா 2026க்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஆபிரிக்க மண்ணுக்கு ஒலிம்பிக் விழாவொன்று வரும் முதல் வாய்ப்பு அது. அதையொட்டியும் கதைகள் எழுதப்படும். எழுதும் நண்பர்களே, வென்ற பிள்ளையை மனமாரப் பாராட்டுங்கள். அதன்பின் ஊவா மலைகளுக்கு ஒருமுறை வந்து, ஓடாமல் நின்றுபோன பிள்ளைகளின் பெயர்களையும் கேட்டு எழுதுங்கள். நானோ அந்த மாணவியின் விடையைத் திருத்தியாக வேண்டும். சிவப்பு மையால் என்ன எழுதுவதென்று அறியாமல் கொப்பியை இன்னும் வைத்திருக்கிறேன்.