நாக்கு ஒட்டியிருந்தா வெட்டணுமா?

சிவகாசியிலிருந்து சொந்தக்காரப் பெண் போன் செய்தாள். "அண்ணே, பிள்ளைக்கு நாக்கு ஒட்டியிருக்காம், அதான் சரியா பால் குடிக்கலையாம். வெட்டலாமா?" நான் டாக்டர் இல்லை. 2017-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பை எடுத்துப் படித்தேன்.

5 சோதனைகள், மொத்தமே 302 குழந்தைகள். நாக்குக்கு அடியில் உள்ள ஜவ்வை வெட்டினால் தாயின் காம்பு வலி கொஞ்ச நாளைக்காவது குறைகிறது. பிள்ளை நன்றாகக் குடிக்கிறதா என்பதில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை.

பெரிய ஓட்டை எங்கே? வெட்டாமல் விட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கும் சீக்கிரமே வெட்டிவிட்டார்கள். ஏ/பி டெஸ்ட் முடியும் முன்னாடியே எல்லாருக்கும் புது வெர்ஷன் போட்ட கதைதான். மாதக் கணக்கில் பலன் நிற்குமா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

இதைப் படித்து "பலன் இல்லை" என்று முடிப்பதும் தப்பு. வலி தாங்காமல்தான் பல அம்மாக்கள் புட்டிக்கு மாறுகிறார்கள். தாயின் வலி குறைவது சின்ன விஷயமா?

உதட்டு ஜவ்வு வேறு கதை. தாய்ப்பாலுக்காக அதை வெட்டப் பரிந்துரைக்கவில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2024-ல் சொல்லிவிட்டது.

அவளிடம் சொன்னேன்: "முதல்ல நர்ஸம்மா பக்கத்துல உக்காந்து, நீ பிள்ளைக்குப் பால் குடுக்கிற விதத்தை முழுசா பாக்கட்டும்மா. அப்பவும் வலிச்சா, வெட்டுறதப் பத்தி டாக்டர்கிட்ட பேசு."