டப்ளின் பப்புகளை முன்வைத்து

இந்தப் பக்கங்களில் கவிதை எழுதிவரும் நண்பர் ஒருவர் டப்ளின் போகிறார். அங்கே அவருக்குக் கிடைப்பது ஒரு மாலையும் ஒரு ராத்திரியும். அந்த நகரத்தில் நான் சில நாட்கள் சுற்றியவன் என்பதால், 'எந்தப் பப்புகளுக்குப் போகலாம், தனித்தன்மை உள்ளதாக இரண்டு மூன்று சொல்லுங்கள்' என்று கேட்டிருந்தார். பெயர்களை எழுதி அனுப்பிவிட்டால் தீர்ந்தது. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு பெயரும் ஒரு அபிப்ராயத்தைக் கேட்கிறது. ஏன் இது, ஏன் அது இல்லை என்று காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் சொல்லத் தொடங்கினால் அது விமர்சனம்தானே. எனவே இங்கேயே எழுதுகிறேன்.

நண்பர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நம்மில் பலர் மனதில் இருப்பதுதான். ஐரிஷ் இலக்கியம் பப்பில் பிறந்தது. அங்கே போய் உட்கார்ந்தால் அந்த வாசனை கொஞ்சம் நம் மேலும் ஒட்டும். 1988இலிருந்து டப்ளினில் இதற்கென்றே நடிகர்களை வைத்து ஒரு 'இலக்கியப் பப் உலா' நடக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு பின்னால் நடக்கவேண்டும். 'யுலிஸிஸ்' நாவலில் ப்ளூம் 1904 ஜூன் 16 அன்று பகலில் டேவி பர்ன்ஸில் கார்கன்ஸோலா சாண்ட்விச்சும் ஒரு கிளாஸ் பர்கண்டியும் சாப்பிடுகிறான். இப்போது ஆண்டுதோறும் அதே தேதியில் அதே சாண்ட்விச்சுக்கு அங்கே கூட்டம். அந்த நாவலை எழுதிய மனிதர் அதை ட்ரியெஸ்ட்டிலும் ஜூரிச்சிலும் பாரிஸிலும் இருந்து எழுதினார் என்பது சாண்ட்விச் தின்பவர்களைத் தொந்தரவு செய்வதில்லை. டேவி பர்ன்ஸ் என் பட்டியலில் இல்லை.

ஆனால் அதே டேவி பர்ன்ஸ் ஜாய்ஸின் வேறொரு எழுத்திலும் வருகிறது. 1914இல் வந்த 'டப்ளினர்ஸ்' தொகுப்பில் 'கவுன்ட்டர்பார்ட்ஸ்' என்ற கதை. ஃபாரிங்டன் என்று ஒரு குமாஸ்தா. நகலெடுப்பது வேலை. அன்றைக்கு ஆபீஸில் எஜமானிடம் அவமானப்படுகிறான். கையில் காசில்லை. கடிகாரத்தை அடகு வைத்து ஆறு ஷில்லிங் வாங்குகிறான். டேவி பர்ன்ஸ், அங்கிருந்து ஸ்காட்ச் ஹவுஸ், அங்கிருந்து முல்லிகன்ஸ். சாயங்காலம் எஜமானுக்குத் தான் கொடுத்த பதிலை ஒரு சாகசமாகச் சொல்கிறான், கேட்பவர்களுக்கு வாங்கிக்கொடுக்கிறான். முல்லிகன்ஸின் பின்னறையில் ஒரு இளைஞனிடம் கைமல்யுத்தத்தில் தோற்கிறான். வீடு திரும்பும்போது பையில் இரண்டே பென்ஸ். போதைகூட ஏறவில்லை. வீட்டில் அடுப்பு ஏறக்குறைய அணைந்து கிடக்கிறது, மனைவி கோயிலுக்குப் போயிருக்கிறாள். சின்னப் பையனைத் தடியால் அடிக்கிறான். உங்களுக்காகப் பிரார்த்தனை சொல்கிறேன், அடிக்காதீர்கள் என்று பையன் அழுவதோடு கதை நின்றுவிடுகிறது.

நண்பர் என்னிடம் கேட்கும் வரைபடமும் ஃபாரிங்டன் நடந்த வரைபடமும் ஏறக்குறைய ஒன்று. பப்பைப் பற்றி ஜாய்ஸ் எழுதியதில் உலா நடத்துகிறவர்களுக்குச் சௌகரியமில்லாதது இந்தக் கதை. முல்லிகன்ஸ் இன்றும் பூல்பெக் தெருவில் இருக்கிறது. இருண்ட மரம், புகை படிந்தது போன்ற கூரை, அலங்காரமே இல்லை. அங்கே போகச் சொல்வேன். போவதற்கு முன் அந்தக் கதையை ஒருமுறை படித்துவிட்டுப் போகவேண்டும் என்ற நிபந்தனையுடன்.

நான் பப்புக்கு எதிராகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். அதன் நியாயம் பெரியது. 1929இல் அயர்லாந்தில் புத்தகத் தணிக்கைச் சட்டம் வந்தது. பின்னர் பல பத்தாண்டுகளுக்கு, எழுதத் தெரிந்த ஐரிஷ்காரன் பெரும்பாலும் ஒரு புத்தகமாவது தடைபட்டவன். பீஹனின் 'போர்ஸ்டல் பாய்' 1958இல் வெளிவந்ததும் தடை செய்யப்பட்டது. பாதிரிகளும் அதிகாரிகளும் காதுகொடுக்காத இடமென்று பப்பைத்தான் சொல்லவேண்டும். ஃப்ளீட் தெருவில் பேலஸ் பார். அதன் பின்னறையில் 'ஐரிஷ் டைம்ஸ்' ஆசிரியர் ஸ்மில்லி மாலைதோறும் தர்பார் நடத்தினார். கவிஞர்கள் அங்கேயே புத்தக மதிப்புரைகளுக்குப் புத்தகம் வாங்கிக்கொண்டார்கள். 1940இல் ஆலன் ரீவ் என்பவர் அந்த அறையைக் கேலிச்சித்திரமாக வரைந்து 'டப்ளின் கலாசாரம்' என்று தலைப்பு வைத்தார். தலைப்பில் பாதி கேலி, பாதி உண்மை.

அப்புறம் ஹாரி தெருவின் மக்டெய்ட்ஸ். இது நம் வட்டத்துக்கு நெருக்கமான விஷயம் என்பதால் கொஞ்சம் நிற்கிறேன். 1949 டிசம்பரில் ஜான் ரயன் 'என்வாய்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1951 ஜூலையில் நின்றது. இருபது இதழ்கள். (நமக்குப் பழக்கமான ஆயுள்தான்.) ஆபீஸ் கிராஃப்டன் தெருவில் இருந்தது, ஆனால் உண்மையான ஆபீஸ் அருகிலிருந்த மக்டெய்ட்ஸ். பெக்கெட்டின் 'வாட்' நாவலிலிருந்து ஒரு பகுதி, பீஹனின் ஆரம்பகாலக் கதை ஒன்று, மாதம்தோறும் பேட்ரிக் கவனாவின் 'டைரி'. அந்த டைரி பப் பேச்சு அப்படியே அச்சானது போல இருக்கும்: கோபம், பாரபட்சம், தடாலடி, நடுவே யாரும் சொல்லாத ஒரு உண்மை. விமர்சனத்துக்கு இந்தப் பேச்சு நல்ல உரம். ஸ்தாபனங்களைப் பற்றி நாற்காலியில் உட்கார்ந்து எழுத முடியாததை ஸ்டூலில் உட்கார்ந்து சொல்ல முடியும்.

படைப்புக்கு? இங்கேதான் எனக்கும் நண்பருக்கும் அபிப்ராய பேதம்.

மூன்று பேரைப் பார்க்கலாம். மூவரும் மக்டெய்ட்ஸ்காரர்கள். பீஹன் பேச்சாளர்களில் மகா பேச்சாளர். கடைசி வருடங்களில் அவரால் எழுத முடியாமல் போயிற்று. டேப் ரிக்கார்டரை முன்னால் வைத்துப் பேசவிட்டுப் பதிப்பாளர் தரப்பில் புத்தகமாக்கினார்கள். 1964 மார்ச்சில் இறந்தபோது வயது 41. பேச்சு எழுத்தை எப்படி விழுங்கும் என்பதற்கு அந்தக் கடைசிப் புத்தகங்களே சாட்சி. இரண்டாவது ஃப்ளான் ஓபிரையன். 1940இல் 'மூன்றாவது போலீஸ்காரன்' நாவலை முடித்தார். பதிப்பாளர் மறுத்துவிட்டார். கைப்பிரதி தொலைந்துவிட்டது என்று நண்பர்களிடம் சொல்லத் தொடங்கினார். அது வீட்டில் பத்திரமாக இருந்தது. அவர் 1966இல் இறந்த பிறகு, 1967இல் வெளிவந்தது. அவருடைய ஆகச் சிறந்த எழுத்து அதுதான் என்பது என் கணிப்பு. இருபத்தாறு வருஷம் தினமும் நண்பர்களோடு குடித்த ஒரு மனிதனால், 'என் நாவலை நிராகரித்துவிட்டார்கள்' என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியவில்லை. பப்பில் எல்லாவற்றையும் பேசலாம் என்பார்கள். தோல்வியைக் கதையாக மாற்றித்தான் பேசலாம். ஃபாரிங்டன் செய்ததும் அதுவேதான்.

மூன்றாவது கவனா. 1952இல் 'லீடர்' என்ற பத்திரிகை அவரைப் பற்றி ஒரு பெயரில்லாக் கட்டுரை போட்டது. பப் ஸ்டூலில் கவிஞர், சுற்றிலும் சிஷ்யப் பிள்ளைகள் என்று ஆரம்பிக்கும் சித்திரம். அவர் மானநஷ்ட வழக்குப் போட்டார். 1954இல் நாட்கணக்கில் குறுக்கு விசாரணைக்கு நின்று தோற்றார். அடுத்த வருஷம் புற்றுநோய். ஒரு நுரையீரலை எடுத்தார்கள். 1955 கோடையில் உடம்பு தேறும்வரை கிராண்ட் கால்வாய்க் கரையில் புல்லில் கிடந்தார். கவிஞனாகத் தான் பிறந்தது அந்தக் கரையில்தான் என்று பின்னால் அவரே சொன்னார். கால்வாய்க் கவிதைகளில் எதிராளி யாரும் இல்லை. எவரையும் ஜெயிக்க வேண்டியதில்லை. தண்ணீர், மதகு, ஒரு படகு, வெயில். டைரிக்காரரின் குரல் எங்கே போயிற்று என்று வியப்பாக இருக்கும். (அவர் குடியை விட்டுவிடவில்லை. அப்படிச் சொன்னால் நீதிக்கதை ஆகிவிடும், பொய்யும் ஆகும்.)

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நான் இதுவரை சொன்ன பெயர்கள் அத்தனையும் ஆண் பெயர்கள். பல பப்புகளில் பெண்களுக்கு இடம் 'ஸ்னக்' என்ற மரத்தடுப்புச் சிற்றறை. சின்ன ஜன்னல் வழியாகக் கிளாஸ் வரும். பைன்ட் கிளாஸில் பெண்ணுக்கு ஊற்றமாட்டோம் என்று மறுப்பது வெகுகாலம் சகஜம். 1970களில் நெல் மெக்காஃபர்ட்டியும் சுமார் முப்பது பெண்களும் நியரிஸ் பப்பில் போய் ஆளுக்கொரு பிராந்தி வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒரு பைன்ட் கின்னஸ் கேட்டார்கள். கிடைக்கவில்லை. அப்படியானால் பிராந்திக்கும் பணமில்லை என்று குடித்துவிட்டு வெளியேறினார்கள். டப்ளின் பப்புகளில் நடந்த இலக்கிய நிகழ்ச்சிகளில் இதையும் நான் சேர்ப்பேன். 2000ஆம் ஆண்டின் சம அந்தஸ்துச் சட்டம் வந்த பிறகே அந்த மறுப்பு சட்டவிரோதமாயிற்று. நண்பர் மனைவியோடு போகிறார் என்பதால் இதைச் சொல்கிறேன்.

தனித்தன்மை என்ற வார்த்தைக்கு வருகிறேன். 1990களிலிருந்து ஐரிஷ் பப்பைத் துண்டு துண்டாகச் செய்து கன்டெய்னரில் அடைத்து உலகம் முழுக்க அனுப்பும் தொழில் நடக்கிறது. விக்டோரியா காலத்து டப்ளின், கிராமத்துக் குடிசை, மளிகைக்கடை என்று மாதிரிகள் உண்டு. பழைய சைக்கிள், மங்கிய கண்ணாடி, அலமாரியில் யாரும் பிரிக்காத புத்தகங்கள், எல்லாம் சேர்த்தே வரும். ஒவ்வொன்றும் தனித்தன்மையோடு இருக்கும், அதே தனித்தன்மையோடு. இது நம் புதுக்கவிதைக்கு நடந்ததுதான், விரிக்க விரும்பவில்லை. டெம்பிள் பார் பகுதியில் நடக்கும்போது நகல் ஊருக்கே திரும்பி வந்துவிட்டது போல எனக்குத் தோன்றியது. அந்தத் தெருக்களைத் தவிர்க்கலாம்.

ஆக, என் பட்டியல். நாலு மணிக்குக் கிளாஸ்நெவின் கல்லறைச் சுவரை ஒட்டிய, 'கிரேவ்டிக்கர்ஸ்' என்று எல்லோரும் அழைக்கும் பப். 1833இலிருந்து ஒரே குடும்பத்தின் கையில். பாட்டு கிடையாது, டெலிவிஷன் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் பீஹன். கின்னஸை முக்கால் கிளாஸ் ஊற்றி அப்படியே வைத்துவிடுவார்கள். இரண்டு நிமிஷம் கழித்துத்தான் மீதி. அவசரப்பட்டுக் கையை நீட்ட வேண்டாம். ஏழு மணிக்குப் பேலஸ் பார், பின்னறை. கூட்டம் இருந்தால் நின்றுகொண்டாவது. அங்கிருந்து சிறிது நடந்தால் முல்லிகன்ஸ். மக்டெய்ட்ஸை வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

பத்து மணிக்கு எழுந்துவிட வேண்டும். பேகட் தெருப் பாலம் வரை நடை, முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். கால்வாய்க் கரையில் கவனாவுக்கு நண்பர்கள் 1968இல் போட்ட கல் இருக்கை ஒன்று உண்டு. எதிர்க்கரையில் வெண்கலக் கவனா உட்கார்ந்திருக்கும் பெஞ்சில்தான் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். கல் இருக்கையில் பெரும்பாலும் ஆள் இருக்காது.