இளைப்பாறக் காற்றில்லாத ஊரில் சானா

சென்னையின் உடற்பயிற்சிக் கூடங்களில் சானா அறையும் ஐஸ் தொட்டியும் இடம்பிடித்துவிட்ட நிலையில், ஐரோப்பிய ஏரிக்கரைகளில் வண்டியில் இழுத்துவந்து நிறுத்தப்படும் நடமாடும் சானாவையும் ஆவடி, பூந்தமல்லி ஏரிகளுக்குக் கொண்டுவரலாம் என்ற ஆசை எழுவது இயல்பே. பின்லாந்தின் சானாப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020 டிசம்பரில் மரபுப் பட்டியலில் சேர்த்ததும், வேது பிடித்தல் தமிழரின் பழைய வழக்கமாக இருப்பதும் இந்த ஆசைக்குத் துணையாகக் காட்டத் தக்கவை. அவ்விரண்டும் உண்மையே, அவற்றிலிருந்து பெறப்படும் முடிவுதான் பிழையானது.

சானாவின் பயனை மறுப்பதற்கில்லை. கிழக்குப் பின்லாந்தில் நடுவயது ஆண்கள் 2,315 பேரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் கவனித்து 2015இல் வெளியான ஆய்வு, வாரத்தில் நான்கு முதல் ஏழு முறை சானாவுக்குச் செல்வோரிடையே இதயநோய் இறப்பு குறைவாக இருந்ததைக் காட்டியது. கரையில் கட்டடம் எழுப்பாமல் வந்து நின்று விலகிச்செல்லும் வண்டி, நிலத்துக்கு அதிகம் தீங்கு செய்யாது என்பதும் ஏற்கத்தக்கதே.

ஆயினும் சானா என்பது மூன்று நிலைகள் கொண்ட ஒரு சுற்று. அடுப்பின்மேல் சூடேறிய கற்களில் நீர் ஊற்றி, பின்லாந்தியர் லோய்லு என அழைக்கும் ஆவியில் வியர்ப்பது முதல் நிலை. குளிர்ந்த ஏரியில் மூழ்குவது இரண்டாவது. வெளியே அமர்ந்து, நாடித்துடிப்பு தணியும்வரை இளைப்பாறுவது மூன்றாவது. பார்ப்பவரைக் கவர்வன முதலிரண்டும் என்றாலும், உடலுக்கு அமைதி தருவது மூன்றாவதே. அதைச் செய்வது அடுப்போ தொட்டியோ அன்று, அந்நாட்டின் குளிர்ந்த காற்று. மே மாதத்தில் 38 டிகிரியைத் தொடும் வெயிலும், வியர்வையை எளிதில் உலரவிடாத ஈரப்பதமும் கொண்ட மேற்குச் சென்னையில் அந்தக் காற்றுக்கு வழியில்லை. கடற்காற்றுகூட கடலோரத்தைத் தொட்டு நெடுநேரம் கழித்தே ஆவடிப் பக்கம் வந்துசேர்கிறது. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும் என்பதால், அறையை விட்டு வெளியேறுபவர் ஒரு வெப்பத்திலிருந்து மற்றொரு வெப்பத்துக்கே செல்கிறார்.

குளிரையும் இங்கே விலைக்கு வாங்கியே ஆகவேண்டும். 30 டிகிரியில் உள்ள 400 லிட்டர் நீரை 10 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 90 கிலோ ஐஸ் தேவைப்படும். ஐஸ் ஆலையில் மின்சாரம் செலவிட்டு உறையவைத்து, வெயிலில் உருக உருக ஏற்றிவந்து தொட்டியில் கொட்டிய குளிரை இயற்கையின் கொடை எனச் சொல்வது பொருந்தாது. ஏரியிலேயே மூழ்கலாமே என்றால், செம்பரம்பாக்கம் நகரத்தின் குடிநீர். அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளோ கழிவுநீர் கலப்பதால் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றவை.

வேது பிடித்தலை இதற்கு உறவாக்குவதும் ஒப்புக்கொள்ளத்தக்கதன்று. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளுள் ஒன்றான வேது, நோய்க்குச் செய்யும் சிகிச்சை. நொச்சியிலையும் மஞ்சளும் கொதிக்கும் பானையின்முன் போர்வைக்குள் குனிந்து ஆவி பிடித்தவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு காற்றுப் படாமல் ஒதுங்கியிருப்பார். உடனே குளிர்நீரில் இறங்குவதை எந்தப் பாட்டியும் அனுமதிக்கமாட்டார். சூட்டுக்குப் பின் குளிரைத் தேடுவது ஒன்று, குளிரை விலக்குவது மற்றொன்று. ஆவி என்ற ஒற்றுமை கொண்டு இரண்டையும் ஒரே மரபாக்க முடியாது. இந்த மண்ணுக்குரிய குளியலைத் தேடுவோர்க்கு வயல்வெளிப் பம்புசெட் நினைவிருக்கட்டும்: தொட்டியில் கொட்டும் கிணற்று நீரில் தலைநனைத்து வேப்பமர நிழலில் ஈரம் உலர நிற்பது, வெப்ப நாட்டுக்கேற்ற இளைப்பாறல், அதற்கு அடுப்பே வேண்டியதில்லை.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் வார்ப்புப் பட்டறைகளில் உலைமுன் நின்று நாளெல்லாம் வியர்ப்பவருக்கு, வெப்பம் என்பது தேடிச் சென்று நுழையும் அறை அன்று, தப்பிக்க வேண்டிய ஒன்று. இத்தகைய ஊரின் ஏரிக்கரைக்கு இன்னுமோர் அடுப்பை இழுத்துவருவதைப் பண்பாட்டுப் பரிமாற்றம் எனப் போற்ற இயலாது. பின்லாந்து தன் குளிரை அறிந்து அடுப்பைக் கண்டது; அதனிடம் கற்கவேண்டியது அந்த அறிதலையே எனில், ஆவடியும் அம்பத்தூரும் தம் வெப்பத்தை அறிந்து, கழிவு கலவாத ஏரியையும் கரையெங்கும் மரநிழலையும் முதலில் மீட்டெடுக்க வேண்டும்.