ஒரே தரவு, இரண்டு தீர்ப்பு

ஒரே தரவைக் கொடுத்தாலும் ஒரு மென்பொருள் 'அகச்சார்பு இருக்கிறது' என்கிறது. இன்னொன்று 'சான்று போதவில்லை' என்கிறது. "பாத்தீங்களா, புள்ளியியலும் ஒரு கதையாடல்தான்" என்று இதைக் காட்டிச் சிரிக்கும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சங்கதி இதுதான். படிப்பு கூலியை உயர்த்துகிறதா, அல்லது பிள்ளையைப் படிக்கவைத்த குடும்ப வசதியே கூலியையும் உயர்த்துகிறதா? சமன்பாட்டில் சேராத வசதி, படிப்பின் பெயரில் ஒளிந்துகொள்வதே அகச்சார்பு. அதைப் பிடிக்க, படிப்பின் வழியாக மட்டுமே கூலியைத் தொடுகிற ஒரு 'கருவி மாறி'யை வைத்து இரண்டாவதாக மதிப்பிடுகிறார்கள். இரண்டு மதிப்பீடும் எவ்வளவு விலகுகின்றன என்பதே சோதனை. டர்பின் (1954), வூ (1973), ஹௌஸ்மன் (1978) ஆகியோரின் பெயர்கள் அதற்குண்டு. அகச்சார்பு தென்படாவிட்டால் முதல் மதிப்பீடு அறிக்கைக்குப் போகும், தென்பட்டால் இரண்டாவது.

பிழையின் சிதறலை எந்த மதிப்பீட்டிலிருந்து எடுத்து அந்த விலகலை அளப்பது? இங்கேதான் பாதை பிரிகிறது. ஸ்டேட்டா, டர்பினின் கை-வர்க்க எண்ணையும் வூ-ஹௌஸ்மன் எஃப் எண்ணையும் அடுத்தடுத்துத் தருகிறது. இவியூஸ் இரண்டு ஜே எண்களின் வித்தியாசத்தைத் தருகிறது. சிதறல் சீராக இல்லை என்று கொண்டால் சூத்திரமே வேறு. மாதிரி சிறிதென்றால் ஒன்று 0.04, மற்றது 0.06 என்று நிற்கலாம். நடுவில் இருக்கிற 0.05 கோடு, மனுஷன் போட்டது.

ஆக, ஒரே பெயரில் பல சூத்திரங்கள் உலவுகின்றன. எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியும். 1967இல் அமெரிக்காவில் லாங்லி என்பவர் கையால் கணக்குப் போட்டு, அன்றைய கணினி நிரல்களின் விடைகளோடு ஒப்பிட்டார். சில நிரல்கள் மோசமாகப் பிசகியிருந்தன. அது கணிப்பின் பிசகு, இது சூத்திரத்தின் வேறுபாடு. ஆனாலும் விமர்சனம் என்றால் அவர் செய்ததுதான்: உட்கார்ந்து சரிபார்த்தார்.

கருவி சரியானதா என்பதை இந்தச் சோதனை கேட்பதே இல்லை; சரி என்று ஏற்ற பிறகே கணக்கு தொடங்குகிறது. அது சமூகம் தெரிந்தவர்கள் வாதிட வேண்டிய இடம். எண்ணெல்லாம் பொய் என்று நாம் ஒதுங்கினால், பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதை, சூத்திரத்தைச் சொல்லாமல் 'சோதனை நிரூபித்தது' என்று எழுதுகிறவங்களே முடிவு பண்ணிட்டுப் போவாங்க.