மூடாக்கு

சருகு, வைக்கோல், பிடுங்கிய களை, கரும்புத் தோகை என்று கையில் கிடைப்பதை மண்மேல் பரப்புவதுதான் மூடாக்கு. யாரும் நின்று பார்க்கிற வேலை இல்லை. பங்குனி வெயிலில் அதைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். மேலே மொறுமொறுவென்று நொறுங்கும். அடியில் விரல் பட்டதும் சில்லென்று ஈரம், வெள்ளை நூலாகப் படர்ந்த பூஞ்சை, புழு தள்ளிய பொலபொலப்பான எச்சம், புதுமழை வாசம். இதிலும் கைப்பக்குவம் உண்டு: செடியின் தூரை ஒட்டிக் குவித்தால் அழுகும், நாலு விரல் தள்ளியே போட வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும், அதுதான் பலருக்கு முடிவதில்லை.

எனக்கு மூடாக்கு என்றாலே இயற்கை வேளாண்மையை ஊரெங்கும் எடுத்துச் சொன்ன நம்மாழ்வார் ஐயாதான். பச்சைத் தலைப்பாகை, வெண்தாடி, சட்டை போடாத உடம்பு. கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கத்து வறண்ட நிலத்தில் வானகம் என்ற இயற்கைப் பண்ணையை உருவாக்கியவர். வேளாண்மைப் பட்டதாரி, ஆனாலும் பேச்சில் படிப்பின் மிடுக்கு இருக்காது, வீட்டுப் பெரியவரின் வாஞ்சைதான் இருக்கும். காவிரிப் படுகையில் மீத்தேன் வாயு எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தவர், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் திடீரென்று போய்விட்டார். 75 வயது. சருகைக் கொளுத்தாமல் செடிக்குப் போடுகிறவர்களிடம் காரணம் கேட்டால், “ஐயா சொன்னாருங்க” என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள்.